மைதானத்துக்குப் போகும் மகனும் ஒரு கழகத்தின் கதையும்

 

அஸர் தொழுகை முடிந்ததும் நம் வீடுகளில் அன்றாடம் எழும் ஒரு வாக்குவாதம் உங்களுக்குத் தெரிந்ததே. "பந்தடிக்கப் போறேன் உம்மா" என்று மகன் படலையைத் திறக்கிறான். "படிக்கிற பிள்ளைக்குப் பந்து என்னத்துக்கு? பந்து சோறு போடுமா?" என்று உம்மா கேட்கிறார். வாப்பா கடைக்கோ கடலுக்கோ கட்டாருக்கோ போயிருப்பார். எனவே தீர்ப்புச் சொல்ல வேண்டிய பொறுப்பு உம்மாவின் தலையிலேயே விழுகிறது. போக விடுவதா, தடுப்பதா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் தருவதை விட, ஒரு விளையாட்டுக் கழகத்தின் வரலாற்றை உங்கள் முன் வைப்பது பயன் தரும் என்று எண்ணுகிறேன். அது சிறிதாய்த் தொடங்கி, நெடுங்காலம் சிறிதாகவே இருந்து, பின் உயர்ந்து, தாழ்ந்து, இன்றும் உயிரோடிருக்கும் ஒரு முஸ்லிம் கழகம். அதன் கதையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பாடம் இருக்கிறது.

எழுவான்கரையின் கழகங்கள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் வீதியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நடுவே ஒடுங்கிய மணற்பரப்பில் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. மேலும் தெற்கே போனால் மருதமுனை, கல்முனை. ஓரிடத்தில் பாங்கோசை கேட்கும்; சில கட்டை கடந்தால் கோயில் மணி கேட்கும்.

இந்த ஊர்கள் எதிலும் மாலை வேளையில் ஒரு பந்தின் பின்னால் இருபது பிள்ளைகள் ஓடாத நாள் அரிது. செட்டிபாளையம் போன்ற ஒரு ஊரின் கழகம் எப்படிப்பட்டது? பெரும்பாலும் பாடசாலை மைதானமே அதன் மைதானம். பார்வையாளருக்குக் கூரை இல்லை. பந்து வாங்கவும் பஸ் பிடிக்கவும் வீட்டுக்கு வீடு காசு சேர்க்கிறார்கள். பெரிய லீக்கில் இடமில்லை. பத்திரிகையில் பெயர் வருவதில்லை. பெருநாளுக்கோ சித்திரை வருடப் பிறப்புக்கோ ஒரு சுற்றுப்போட்டி வைத்தால் அதுவே அவர்களுடைய உலகக் கிண்ணம்.

இத்தகைய கழகத்தைப் பெரியவர்கள் பலர் அற்பமாக நினைக்கிறோம். ஆனால் உலகிலேயே பழமையான உதைபந்தாட்டக் கழகம் எதுவென்று தேடினால் நமக்கு வியப்பு ஏற்படும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1857 அக்டோபர் 24ல் தொடங்கப்பட்ட ஷெஃபீல்ட் கழகமே அது. விளையாட்டுக்கு எழுத்தில் விதிகள் வகுத்துக்கொண்ட முன்னோடிகள் அவர்கள். 2004ல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் தனது நூற்றாண்டையொட்டிக் கழகங்களைக் கௌரவித்தபோது, ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுடன் இந்தக் கழகத்தையும் கௌரவித்தது. ஆனால் இன்றும் அது இங்கிலாந்தின் பெரிய லீக்குகளுக்கு வெளியே, கீழ்ப்படிகளில் ஆடும் ஒரு சிறு கழகம்தான். சொந்த மைதானம் என்று ஒன்று அதற்குக் கிடைத்ததே 2001ல். 2011ல் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, கையெழுத்தில் இருந்த தனது பழைய விதிகளையும் ஆவணங்களையும் ஏலத்தில் விற்றது. எட்டு இலட்சத்து எண்பதினாயிரம் பவுணுக்கு மேல் அவை விலை போயின. ஆக, ஒரு கழகம் 150 ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதற்குக் கிண்ணங்கள் அவசியமில்லை என்பது தெரிகிறது. வேறெதுவோ அவசியம். அது என்ன என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

விளையாட்டும் மார்க்கமும்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். விளையாட்டு என்றாலே வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு பெருநாள் தினத்தில் மதீனாவின் பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டிகளைக் கொண்டு விளையாடினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னால் மறைவாக நிறுத்தி, அவர்களுக்குப் போதும் என்று ஆகும் வரை பார்க்க விட்டார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி. அன்னையுடன் அண்ணலாரே ஓட்டப்பந்தயம் ஓடியதும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. முதல் தடவை அன்னை முந்தினார்கள். பல காலத்துக்குப் பின் அண்ணலார் முந்தினார்கள். நம் பெண் பிள்ளைகளுக்கும் உடலுக்குப் பயிற்சி தேவை, அதற்கு ஒழுக்கமான இடமும் தேவை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு நிகழ்ச்சியை இந்தக் கட்டுரை முழுவதும் மனதில் வைத்திருங்கள். அண்ணலாரிடம் அல்-அழ்பா என்ற பெண் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எதுவும் வென்றதில்லை. ஒரு நாள் நாட்டுப்புற அரபி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் வருத்தமாகிவிட்டது. அவர்களுடைய முகத்தைக் கண்ட அண்ணலார், இவ்வுலகில் உயரும் எதுவும் ஒரு நாள் தாழ்த்தப்படுவது அல்லாஹ் வைத்த நியதி என்று விளக்கி அவர்களைத் தேற்றினார்கள். தோல்வியை எப்படி ஏற்பது என்பதற்கு இதைவிட அழகான பாடம் எங்கே இருக்கிறது? தோழர்கள் அந்த அரபியை ஏசினார்கள் என்றோ, பந்தயத்தில் சூழ்ச்சி என்றார்கள் என்றோ ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை.

கல்கத்தாவில் ஒரு சிறு கழகம்

இனி கதைக்கு வருவோம். ஷெஃபீல்டில் கழகம் தொடங்கிய அதே 1857தான் இந்தியாவில் பெருங்கிளர்ச்சி நடந்த ஆண்டு. கிளர்ச்சி அடக்கப்பட்டது, டில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸஃபர் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டார். அதன் பின் இந்திய முஸ்லிம்கள் நெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்தார்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றாலே பிள்ளையின் ஈமானுக்கு ஆபத்து என்று அஞ்சினார்கள். உதைபந்தாட்டமோ ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வழியாகவும் வெள்ளைப் படைமுகாம்கள் வழியாகவும் வந்த விளையாட்டு. எனவே படிப்பில் பிந்திய சமூகம் விளையாட்டிலும் பிந்தியது.

1887ல் விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவின்போது கல்கத்தாவில் சில முஸ்லிம்கள் கூடி ஒரு சிறு சங்கம் அமைத்தார்கள். ஜூபிலி கிளப் என்பது அதன் முதற்பெயர். பிறகு கிரசன்ட் கிளப் என்றும் ஹமீதியா கிளப் என்றும் பெயர்கள் மாறின. 1891ல் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டு, 1892ல், நம் கொழும்பில் சித்திலெப்பை அவர்களும் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா அவர்களும் வாப்பிச்சி மரைக்கார் அவர்களும் முயன்று, பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியான மத்ரஸாவைத் தொடக்கினார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்த உணர்வு ஒன்றுதான்: நம் பிள்ளைகள் உலகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், நம்முடையதை விட்டுவிடவும் கூடாது.

கழகம் பிறந்துவிட்டது. ஆனால் ஆடுவதற்கு இடம்? கல்கத்தா உதைபந்தாட்ட லீக் 1898ல் தொடங்கியது. அது வெள்ளையருடைய லீக். அவர்களுடைய படையணிகளும் கழகங்களும்தான் ஆடின. 1914 வரை எந்த இந்தியக் கழகத்துக்கும் கதவு திறக்கவில்லை. முகமதன் கழகம் சிறு கிண்ணப் போட்டிகளில் ஆடியது. கூச் பெஹார் கிண்ணம் போன்ற ஒன்றிரண்டை வென்றது. மற்றபடி பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. லீக்கின் இரண்டாம் பிரிவில் அதற்கு இடம் கிடைத்தது 1927ல். பெயர் சூட்டி 36 ஆண்டுகள் கழித்து!

சகோதரிகளே, இந்த 36 ஆண்டுகளைப் பற்றிப் புத்தகங்களில் அதிகம் இல்லை. வெற்றி இல்லாத காலத்தை யார் எழுதுவார்? ஆனால் அந்தக் காலத்தில் யாரோ பந்தைப் பூட்டி வைத்தார்கள், யாரோ சந்தா சேர்த்தார்கள், யாரோ ஒரு தாய் மகனின் சேறு படிந்த உடுப்பைத் துவைத்தார். ஒரு தலைமுறை வளர்ந்து முதுமை அடைந்து, தன் பிள்ளைகளிடம் கழகத்தை ஒப்படைத்தது. கிண்ணம் வராத அந்த ஆண்டுகளே கழகத்தைக் காப்பாற்றின. ஷெஃபீல்டில் நாம் தேடியதும் இதைத்தான். இதற்கு நம் மார்க்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: அமானத். நமக்கு முன்பிருந்தவர் நம்பி ஒப்படைத்ததைப் பழுதில்லாமல் பின்வருபவரிடம் கொடுப்பது.

அண்டை வீட்டாரின் வெற்றி

இந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவசியம் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் மோகன் பகான் என்ற கழகம் 1889ல் தொடங்கப்பட்டது. பெரும்பாலும் இந்து வங்காளிகள் ஆடிய கழகம். 1911 ஜூலை 29ல் அது கிழக்கு யோக்ஷயர் படையணியை 2–1 என்று தோற்கடித்துப் பெருமைக்குரிய ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலில் ஆடினார்கள். வெள்ளையரின் படையணியை இந்தியக் கழகம் ஒன்று கேடயத்தின் இறுதியில் வென்றது அதுவே முதற்தடவை.

அன்று முஸ்லிம் கழகத்தவர் என்ன செய்தார்கள்? தம் இந்துச் சகோதரர்களின் வெற்றியைக் கண்டு அவர்கள் மகிழ்ச்சியில் தரையில் புரளாத குறையாகத் துள்ளினார்கள் என்ற கருத்தில், கல்கத்தாவின் 'முஸல்மான்' பத்திரிகை எழுதியது. போட்டிக் கழகம் வென்றதற்கு இத்தனை மகிழ்ச்சி! இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1934

1933ல் முகமதன் கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1934ல் முதற்பிரிவில் ஆடிய முதல் ஆண்டிலேயே கல்கத்தா லீக்கை வென்றது. லீக் தொடங்கிய 36 ஆண்டுகளில் அதை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான். 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதே கழகம் வென்றது. 1936ல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் கிடைத்தது. 1940 டிசம்பரில் டில்லியில் நடந்த டியூரண்ட் கிண்ண இறுதிப் போட்டியில் ராயல் வாரிக்ஷயர் படையணியை 2–1 என்று வென்றது. 1888ல் தொடங்கிய அந்தக் கிண்ணத்தை முதன்முதலில் எடுத்த இந்தியக் கழகமும் அதுவே. வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் இந்தக் கழகத்தைப் பாடிக் கவிதை எழுதினார்.

இது எப்படி நடந்தது? துஆ இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது அண்ணலாரின் வழிகாட்டல். கழகத்தின் பொறுப்பாளர்கள் கட்ட வேண்டியதைக் கட்டினார்கள்.

முதலாவது, சப்பாத்து. அக்காலத்தில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடினார்கள். காய்ந்த தரையில் அது வேகம் தரும். ஆனால் கல்கத்தா லீக் நடப்பது மாரி மழைக் காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். சப்பாத்து அணிந்த வெள்ளையர் உறுதியாக நிற்பார்கள். அப்போது கழகத்தில் முக்கிய பொறுப்பில் இருந்த அஸீஸ் என்பவர், மழை நாளில் தம் வீரர்கள் பாரமில்லாத சப்பாத்து அணிந்து ஆடப் பழக வேண்டும் என்று வலியுறுத்தினார். வெறுங்காலில்தான் ஆட்டம் வரும் என்ற பழக்கத்தை விடுவது எளிதல்ல. ஆனாலும் பழகினார்கள்.

இரண்டாவது, ஆட்களைத் தேடிய விதம். கல்கத்தாவுக்குள் மட்டும் பார்க்காமல் பெங்களூர் முதல் வடமேற்கு எல்லைப்புறம் வரை திறமையாளரைத் தேடி அழைத்து வந்தார்கள். ஜும்மா கான், ரஹீம், ரஷீத், அப்பாஸ் போன்றோர் அந்த அணியில் ஒன்று சேர்ந்தார்கள். மொழி வேறு, உணவு வேறு. ஒன்றாக உறங்கி ஒன்றாகத் தொழுது ஒன்றாகப் பயின்று ஓர் அணியானார்கள். பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற மற்றொரு கழகமும் 1937லும் 1938லும் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்று பெயரெடுத்தது.

வெறுங்கால் ஸலீம்

அந்த அணியிலிருந்த ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியைச் சேர்ந்த முகம்மது ஸலீம். 1936ல் உறவினர் ஒருவருடன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போனார். அங்கே செல்டிக் என்ற பெரிய கழகத்தில் தம் திறமையைக் காட்ட அனுமதி கேட்டார். சப்பாத்து இல்லாமல், பாதங்களுக்குத் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு அவர் ஆடியதைக் கண்டு பயிற்றுநர் மலைத்துப் போனார். செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார். இரண்டிலும் செல்டிக் பெருவெற்றி பெற்றது. பத்திரிகைகள் அவரைப் பந்தை வைத்து வித்தை காட்டும் இந்தியர் என்று புகழ்ந்தன.

தங்கிவிடும்படி கேட்டார்கள். அவருக்கோ ஊர் நினைவு. அவரை நிறுத்தி வைக்க, நிதி திரட்டும் ஆட்டம் ஒன்றை நடத்தி வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகக் கழகம் சொன்னது. அதை ஆட்டம் பார்க்க அழைக்கப்பட்டிருந்த அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் ஸலீம். அந்தப் பங்கு 1,800 பவுண் என்று தெரிந்த பிறகும் அவர் சொல் மாறவில்லை என்று அவருடைய குடும்பத்தார் பின்னாளில் கூறினார்கள். கப்பலேறி வந்து முகமதன் கழகத்துக்காகவே மீண்டும் ஆடினார்.

1980ல் அவர் மரணமடைந்தார். அவர் நோயுற்றிருந்தபோது மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதியதாகவும் அவர்கள் 100 பவுணுக்கு ஒரு வங்கி உண்டியல் அனுப்பியதாகவும் சொல்கிறார்கள். மகன் அதை மாற்றவே இல்லையாம். பணத்துக்காக எழுதவில்லை, என் வாப்பாவை அவர்கள் இன்னும் நினைத்திருக்கிறார்களா என்று அறியவே எழுதினேன் என்ற பொருளில் அவர் விளக்கம் தந்தார். அநாதைகளுக்குக் கை திறந்த ஒருவரின் வீட்டில் வளர்ந்த பிள்ளையல்லவா!

உயர்ந்ததும் தாழ்ந்ததும்

இங்கேயே முடித்துவிட்டால் இது இனிமையான கதை. ஆனால் உண்மை முழுவதையும் சொல்வதே நேர்மை.

வெற்றி வந்ததும் கழகத்தைச் சுற்றி அரசியலும் வந்தது. நகரின் முஸ்லிம் அரசியல் பிரமுகர்கள் அதன் நிர்வாகத்தில் அமர்ந்தார்கள். கழகத்தின் வெற்றி சமூகத்தின் வெற்றி என்றும், தோல்வி சமூகத்துக்கு நேர்ந்த அவமானம் என்றும் பேசப்பட்டது. எதிர்த் தரப்பிலும் அப்படியே பேசினார்கள். நடுவரின் தீர்ப்பு ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உள்ளானது. மைதானத்துக்கு வெளியே கைகலப்புகள் நடந்தன. 1939ல் உதைபந்தாட்டச் சங்க நிர்வாகத்துடன் ஏற்பட்ட தகராறில் முகமதன் கழகமும் வேறு சில கழகங்களும் லீக்கை இடையில் விட்டு வெளியேறின. 1911ல் அண்டை வீட்டார் வென்றதற்காகத் துள்ளி மகிழ்ந்த நகரம், முப்பதே ஆண்டுகளில் பந்தைக் கண்டாலே எந்தப் பக்கம் என்று கேட்கும் நகரமாயிற்று. இதற்குப் பந்தைக் குறை சொல்ல முடியுமா? பந்துக்கு மதம் ஏது? பிளவு நாட்டு அரசியலில் இருந்தது. மைதானம் அதைக் காட்டும் கண்ணாடியாக இருந்தது.

1947ல் நாடு பிரிந்தது. ஆட்டக்காரரும் ஆதரவாளரும் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். கழகம் இளைத்தது. ஆனால் மடியவில்லை. 1948, 1957, 1967, 1981 ஆண்டுகளில் கல்கத்தா லீக்கை வென்றது. 1960ல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கிண்ணத்தைப் பெற்றது. அதன் பின் பணமுடை. 2014ல் செலவைத் தாங்க முடியாமல் அணியை நிறுத்தப் போவதாகவே அறிவித்தார்கள். ஆயினும் 2021ல், 40 ஆண்டுகளுக்குப் பின், கல்கத்தா லீக்கை மீண்டும் வென்றார்கள். 2022லும் 2023லும் வென்றார்கள். 2024ல் இந்தியாவின் ஐ-லீக்கை வென்று நாட்டின் மேல்மட்ட லீக்குக்குள் நுழைந்தார்கள். அங்கே முதல் ஆண்டில் கடைசி இடம்! அல்-அழ்பாவின் கதைதான். உயர்வும் தாழ்வும் மாறி மாறி வரும். இன்று அந்த அணியில் பல மதத்தவர்களும் ஆடுகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது.

நம் கரைக்குத் திரும்புவோம்

இந்த வரலாற்றை எழுவான்கரைத் தாய்மார்களுக்கு நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்?

நம் கரை காயப்பட்ட கரை. 1990 ஆகஸ்ட் 3ல் காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டதை மறந்தவர் யார்? அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள், பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கக் கூடாது. அச்சம் சூழ்ந்த அந்நாட்களில் பக்கத்து ஊருக்குப் போவதே அரிதாயிற்று. போர் 2009ல் முடிந்தது. 2019 ஏப்ரல் 21ல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்படப் பலர் குண்டுக்கு இரையானபோது, பாவமறியாத நம் பிள்ளைகள் மீதும் மீண்டும் சந்தேகப் பார்வை விழுந்தது.

காத்தான்குடிப் பிள்ளையும் செட்டிபாளையத்துப் பிள்ளையும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடங்கள் இன்று எத்தனை? பாடசாலை வேறு, வணக்கத்தலம் வேறு, திருமண வீடு வேறு. சந்தை ஒன்று, வைத்தியசாலை ஒன்று, அடுத்தது மைதானம். மட்டக்களப்பின் பெரிய மைதானத்துக்கு வெபர் மைதானம் என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே வாழ்ந்து பிள்ளைகளை விளையாட்டில் பயிற்றிய கத்தோலிக்கத் துறவி ஒருவரின் பெயர் அது. அந்தப் பெயரைத் தமிழரும் முஸ்லிம்களும் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். நல்லதைச் செய்தவரை இந்தக் கரை மறப்பதில்லை.

ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மைதானத்துக்குப் போகாதே என்று தடுக்கப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் அந்த நேரத்தில் கிதாபை விரித்துக்கொண்டு இருப்பதில்லை. கைபேசியோடு மூலையில் கிடக்கிறார்கள். அல்லது சந்தி மதிலில் அமர்ந்திருக்கிறார்கள். இன்று நம் ஊர்களில் ஐஸ் என்ற போதைப்பொருள் எந்தெந்த வீடுகளை அழித்திருக்கிறது என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். அதை விற்பவன் தேடுவது வேலையற்ற, களைப்பற்ற, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத மாலைப்பொழுதைத்தான். ஓடி வியர்த்து, மஃரிபுக்கு வுழூச் செய்து, பசியோடு வீடு வரும் பிள்ளையிடம் அந்தப் பொழுது இருக்காது.

ஆகவே, மகனைத் தடுக்காதீர்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் வேண்டாம். அவன் சேர்ந்திருக்கும் கழகத்தைப் பற்றிச் சில விஷயங்களை விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, பாங்கு சொன்னதும் ஆட்டம் நிற்கிறதா? மஃரிபின் நேரம் குறுகியது. பந்தை ஓரத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும் கழகம் உங்கள் மகனுக்குத் தொழுகையையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறது. தொழுகையைத் தின்னும் விளையாட்டில் பரக்கத் இல்லை.

இரண்டாவது, உடை. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டதை மறைப்பது ஆணுக்குக் கடமை என்பது நம் ஷாபிஈ மத்ஹபில் தெளிவான சட்டம். முழங்காலை மூடும் காற்சட்டை தைப்பது பெரிய செலவில்லை. தையல் தெரிந்த நீங்களே ஓர் அணிக்கு ஒரே வாரத்தில் தைத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது, பணம். ஊரில் சேர்த்த காசுக்குக் கணக்கு எழுதப்படுகிறதா, அதை யாரும் பார்க்க முடியுமா? ஒரு கழகம் சிதைவது பெரும்பாலும் தோல்வியாலல்ல, கணக்கு மறைவதால். ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். பந்தயப் பணம் சூது. சூது வந்த இடத்தில் விளையாட்டு ஹராமாகிவிடும்.

நான்காவது, பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்கிறாரா? இளைஞர்கள் மட்டும் நிறைந்த கூட்டத்தில் கோபம் எழுந்தால் தணிக்க ஒருவர் வேண்டும். உங்கள் நானாவோ காக்காவோ மாமாவோ ஓய்வாக இருந்தால், அஸருக்குப் பின் மைதான ஓரத்தில் ஒரு கதிரை போட்டு அமரச் சொல்லுங்கள். அது ஸதகாவில் சேரும்.

ஐந்தாவது, இதுதான் முக்கியமானது: தோற்ற நாளில் மகன் வீட்டுக்கு வந்து என்ன பேசுகிறான்? "அவனுகள் அப்படித்தான்" என்று பக்கத்து ஊரையும் அடுத்த சமூகத்தையும் இழிவாகப் பேசினால், உடனே நிறுத்துங்கள். அப்படிப் பேசக் கூடாது என்று அதட்டினால் மட்டும் போதாது. 1911ல் மோகன் பகான் வென்றபோது முஸ்லிம் கழகத்தவர் துள்ளியதைச் சொல்லுங்கள். அல்-அழ்பா தோற்ற அன்று அண்ணலார் (ஸல்) சொன்னதைச் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்துக்குச் செட்டிபாளையத்துப் பிள்ளைகள் நம் ஊருக்கு வந்தால், ஒரு குடம் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து அவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். மைதான ஓரத்தில் தாகத்தோடு நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைத் தந்த வீடு எது என்பது வாழ்நாள் முழுவதும் நினைவிருக்கும். நாளை அவன் ஓர் அலுவலகத்திலோ சோதனைச் சாவடியிலோ உங்கள் மகனின் முன் நிற்கும்போது அந்த நினைவும் கூடவே நிற்கும்.

பந்து சோறு போடுமா என்று கேட்டீர்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளுக்குப் போடாது. அதை மறைக்காமல் மகனிடமும் சொல்லுங்கள். படிப்பை விட்டுவிட இடம் கொடுக்க வேண்டாம். ஆனால் நேரத்துக்கு வரவும், பெரியவருக்குக் கட்டுப்படவும், வென்றவனின் கையைக் குலுக்கவும், பொதுப் பணத்தைத் தொடாமலிருக்கவும் ஒரு நல்ல கழகம் கற்றுக்கொடுக்கும். இவை தெரிந்த பிள்ளை எந்தத் தொழிலிலும் சோறு தேடிக்கொள்வான், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளின் உடலுக்கு ஆரோக்கியத்தையும், உள்ளத்துக்கு விசாலத்தையும், நம் கரையின் ஊர்களுக்கிடையே அன்பையும் அல்லாஹ் தந்தருள்வானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகளைப் பேணிக் கொடுப்பவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.